பிரித்த வீட்டுக் கற்கள் எங்கே போயின?

போன வருச விடுமுறையில் நாங்கள் நாலு பேர் வலிகாமத்தில் ஒரு பழைய நாற்சார் வீட்டைப் பார்க்கப் போனோம். கலைப்பீடத்தில் ஒரு பாடத்துக்கு ஒப்படை செய்யவேண்டியிருந்தது. வீட்டை அளந்து, படமெடுத்து, வீட்டுக்காரரிடம் கதை கேட்டு எழுதுவதுதான் திட்டம். போய்ச் சேர்ந்தபோது கூரையே இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில். காணியில் புது வீடு கட்டப்போகிறார்களாம். பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு முதலில் ஏமாற்றம். பிறகு அங்கேயே நின்று அந்த வேலையைப் பார்த்தோம். ஓடுகள் கைமாறிக் கைமாறி இறங்கி, வேலியோரம் நிறுத்தி அடுக்கப்பட்டிருந்தன. அடுத்ததாகப் பனஞ்சிலாகைகள், பிறகு கைமரங்கள், வளைகள். கதவுநிலைகளைச் சுவரிலிருந்து ஆட்டி ஆட்டி, மரம் வெடிக்காமல் எடுத்தார்கள். ஒருவர் நிலத்தில் குந்தியிருந்து கழற்றிய ஆணிகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். சுவர்க் கற்களில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டி, முழுக்கல் ஒரு பக்கம், அரைக்கல் ஒரு பக்கம் என்று குவித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. ஓடு பக்கத்து ஊரில் ஒரு குசினிக்கு. பனைமரம் மாட்டுக் கொட்டிலுக்கு. கல் ஒரு மதிலின் அத்திவாரத்துக்கு. தேக்கங் கதவுகளை மட்டும் தெற்கிலிருந்து வந்த ஒரு வியாபாரி தனியாக விலை பேசினார். ஏதோ ஒரு ஹோட்டலுக்காம்.

வேலைக்குப் பொறுப்பாக இருந்த மேசன் ஐயாவிடம், “வீட்டை இடிச்சு முடிக்க எத்தனை நாள் ஆகும் ஐயா?” என்று கேட்டோம். அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

“இடிக்கிறதெண்டா ஒரு நாள் வேலை, பிள்ளையள். இது பிரிக்கிறது. கட்டினவன் கடைசியா வைச்சதை நாங்கள் முதல் எடுக்கவேணும்.”

இந்தக் கட்டுரை அவர் பிரித்துக் காட்டிய அந்த இரண்டு சொற்களைப் பற்றியது. இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. யாழ்ப்பாணத்தின் வரலாற்றை இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

பிரிக்கக்கூடிய வீடு

அந்த வீட்டை ஏன் அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடிந்தது? காரணம் சாந்து. பழைய கல்வீடுகள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்த சாந்து அது. கல்லைவிட மெதுவானது. அலவாங்கால் நெம்பினால் சாந்துதான் முதலில் விடும், கல் முழுசாக வரும். சீமெந்து அப்படியில்லை. அது கல்லைப் பிடித்தால் விடாது. நெம்பினால் மூட்டு விடுவதற்கு முன்னம் கல் உடையும். மேசன் ஐயா அடுத்த வளவிலிருந்த மாடிவீட்டைக் காட்டி, “அதை இப்பிடிப் பிரிக்கேலாது. அதை இடிக்கத்தான் ஏலும்” என்றார்.

காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. எங்கட நிலத்துச் சுண்ணக்கல்லைத் தோண்டி, எங்கட ஊரிலேயே சீமெந்து செய்தார்கள். அது பலருக்கு வேலை கொடுத்தது, வடக்கின் பெருமையாகவும் இருந்தது. கல்வீடு கட்டுவது முன்பைவிட இலகுவானது. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் போகத் தொடங்கியது. ஒருமுறை கட்டியதைக் கழற்றி இன்னொருமுறை கட்டலாம் என்ற பழக்கம்.

அந்தப் பழக்கம் கல்வீட்டோடு வந்ததல்ல. கிடுகுக் கூரையைக் காலத்துக்குக் காலம் பிரித்து மேய்வார்கள். வேலியில் காய்ந்த பனையோலையைப் பிரித்துத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்பார்கள். வைரமான பனைமரம் ஒரு வீட்டில் இருந்து முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கட முன்னோருக்கு ஒரு வீடு என்பது முடிந்துபோன பொருள் இல்லை. திரும்பவும் வேறொன்றாக மாறக்கூடிய சாமான்களின் சேர்க்கை அது.

அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறும் இருந்தது. தட்டையான மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் செய்தவர்களின் பெயர் அச்சாக இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் அந்த வகை ஓடு கடல் கடந்து பல ஊர்களுக்குப் போனது. நல்ல கதவுகள் பர்மாத் தேக்கில் செய்யப்பட்டன. பல நாற்சார் வீடுகளுக்கான காசு மலாயாவில் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலை செய்தவர்கள் அனுப்பியது. ஒரு வீட்டைப் பிரிக்கும்போது இந்தியா, பர்மா, மலாயா எல்லாம் முற்றத்தில் தனித்தனிக் குவியலாகக் கிடக்கின்றன.

கோயிற் கல் கோட்டைக் கல்லானது

பழைய கல்லை எடுத்துப் புதிதாகக் கட்டுவது எப்போதும் இப்படி அமைதியாக நடக்கவில்லை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் கைப்பற்றினார்கள். அவர்களின் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்ப் பெருங்கோயிலை 1621இல் தரைமட்டமாக்கினான். இதைப் போர்த்துக்கேயரின் சொந்த வரலாற்றாசிரியரான குவேறோஸ் பாதிரியாரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோயிற் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயின என்பது யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

இது வெறும் கதையாக இருக்கலாமே என்று நினைக்கலாம். ஆனால் கோட்டைக்குள்ளேயே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் அதைப் பற்றி எழுதினார். சோழர் காலத்தில் அங்கே ஐரோப்பியக் கோட்டை இல்லை. கல் வேறொரு கட்டடத்துக்காகப் பொறிக்கப்பட்டு, பிறகு கோட்டைக்குள் வந்திருக்கிறது.

திருகோணமலையில் இது இன்னும் வெளிப்படை. கோணேசர் கோயிலை 1620களில் இடித்த போர்த்துக்கேயர் அதே மலையடியில் கோட்டை கட்டினார்கள். பின்னாளில் பிரட்றிக் கோட்டை என்று பெயர் பெற்ற அதன் வாசலில் இரட்டை மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் உள்ள கல் இன்றும் நிற்கிறது. வாசலுக்கு ஒரு தூண்கல் தேவைப்பட்டது, பக்கத்தில் கோயிற் கல் கிடந்தது, வைத்துக் கட்டினார்கள். கட்டியவர்களுக்கு அது வெறும் கல். கோயிலைக் கும்பிட வருகிற எங்களுக்கு அது இன்றும் ஒரு காயம்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. மேசன் ஐயாவின் ஆட்களும் போர்த்துக்கேயரின் ஆட்களும் கையால் செய்தது கிட்டத்தட்ட ஒரே வேலை: கல்லைப் பெயர்த்து, துப்புரவாக்கி, வேறிடத்தில் வைத்துக் கட்டுவது. மீள்பயன்பாடு என்று அதைச் சொல்லலாம். ஆனால் ஒன்று வீட்டுக்காரரின் சம்மதத்தோடு நடந்தது. மற்றது சம்மதம் கேட்கவேண்டிய ஆட்களைத் தோற்கடித்துவிட்டு நடந்தது. கல்லைப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்லமுடியாது. வரலாறு தெரிந்தால்தான் சொல்லமுடியும்.

மொழியிலும் இதே கதைதான். நாங்கள் சுவர் பெயர்க்கப் பிடிக்கிற ‘அலவாங்கு’ போர்த்துக்கேயச் சொல். பெயர்த்தெடுக்கிற ‘யன்னல்’ அவர்களுடைய சொல். ‘தீராந்தி’, ‘விறாந்தை’ எல்லாம் அப்படி வந்தவைதான். கோயிலை உடைத்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களை எடுத்து, எங்கட வாய்க்கு ஏற்றபடி செதுக்கி, நாங்கள் எங்கட வீட்டில் வைத்துக்கொண்டோம்.

போர்த்துக்கேயருக்குப் பின் 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். நாற்பக்கமாக இருந்த கோட்டையை ஐங்கோணமாகக் கட்டினார்கள். உள்ளே 1706இல் பெரிய தேவாலயம் எழுந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலை தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தவை பாழடைந்த பழைய தேவாலயக் கட்டடங்கள்தான். அவற்றைத் திருத்திக் குடியேறினார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் அப்படித் திருத்திய வளவில்தான் நடந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் அங்கே படித்தார்கள். ஒரு அதிகாரம் விட்டுப்போன சுவருக்குள் இன்னொருவர் பள்ளிக்கூடம் நடத்தினார்.

தண்டவாளமும் தகரமும்

எங்கட அம்மா அப்பாமாரின் தலைமுறைக்கு இந்த வரலாறு புத்தகத்தில் படிக்கிற விசயமில்லை. 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதோடு யாழ்தேவி நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் வீட்டை விட்டு வெளிக்கிட்டது. காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் நின்றது. வடக்குக்கு வரக்கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. சீமெந்து வராத ஊரில் உடைந்த வீடுதான் கல்லுக்கும் மரத்துக்கும் களஞ்சியம்.

ஓடாத ரயிலின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகின. இரண்டு தரப்பும் அதைச் செய்தது. வீடுகளில் சனமும் செய்தது. குண்டு விழும்போது பிள்ளைகளைக் காப்பாற்றிய சிலிப்பர் கட்டையைத் திருட்டுச் சாமான் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. முதல் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 ஒக்ரோபரில். அதற்குள் பாதையை அடியிலிருந்து போடவேண்டியிருந்தது.

1990 செப்ரெம்பரில், மாதக்கணக்கில் நீடித்த முற்றுகைக்குப் பிறகு, யாழ்ப்பாணக் கோட்டை புலிகளிடம் விழுந்தது. திரும்பவும் படைமுகாமாகக் கூடாதென்று அதன் பகுதிகளை இடித்தார்கள். கற்கள் பல பக்கமும் போயின. கோயிலிலிருந்து கோட்டைக்கு வந்த கல் மறுபடி ஊருக்குள் வந்து, யாரோ ஒருவரின் மதிலிலோ கிணற்றுக்கட்டிலோ இருக்கக்கூடும். இன்று கோட்டையைத் திருத்துகிறவர்களுக்கு அந்தப் பழைய கல் தேவை. கடலில் முருகைக்கல் உடைப்பது சட்டப்படி தடை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. கொஞ்ச மாதத்தில் திரும்பியவர்களில் பலருக்குச் சுவர் இருந்தது, கதவு இல்லை. யன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. இதைப் பேசும்போது நாங்கள் நேர்மையாக இருக்கவேணும். எல்லாவற்றையும் படையினர்தான் கழற்றினார்கள் என்று சொல்லமுடியாது. அயலுக்குள்ளும் கைகள் இருந்தன. இன்னொருவரின் கதவு தன் வீட்டு வாசலில் நிற்பதைச் சொந்தக்காரர் கண்டு, ஒன்றும் பேசாமல் போன கதைகளை எங்கட வீடுகளிலேயே கேட்டிருக்கிறோம்.

வன்னியில் அந்தச் சாமான் தகரம். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்த உழவு இயந்திரங்களில் கூரைத் தகரமும் தடிகளும் இருந்தன. போய் இறங்கிய இடத்தில் கட்டி, செல் கிட்ட வரக் கழற்றி, அடுத்த இடத்தில் திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலும் தகரத்தில் புது ஆணி ஓட்டை. கடைசியில் தகரத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மா இன்றைக்கும் ஒரு தகரத் துண்டையும் எறியவிடமாட்டா. “வைச்சிரு, தேவைப்படும்” என்பா. எங்களுக்குச் சில நேரம் அது எரிச்சல். இந்த வரலாற்றை எழுதத் தொடங்கியபிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் விளங்கியது.

வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளுக்கு நடந்தது இன்னொரு வகை. 20, 25 வருசத்துக்குப் பிறகு காணி விடுபட்டபோது பலர் போய்ப் பார்த்தது அத்திவாரத்தை. ஓடு, மரம், கதவு, சில இடங்களில் சுவர்க் கல்லும் இல்லை. எல்லை எது, குசினி எது என்று கிணற்றை வைத்தும் நின்ற ஒரு மரத்தை வைத்தும் அடையாளம் பிடித்தார்கள். வீடு செல்லில் உடைந்திருந்தால் இடிபாடு அங்கேயே கிடக்கும். இடிபாடும் இல்லையென்றால் யாரோ ஆறுதலாக நின்று பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் பிரித்த வீடு இடித்த வீட்டைவிடக் கொடுமை. பொறுக்கிச் சேர்க்கவும் ஒன்றும் மிஞ்சாது.

இனி என்ன செய்யலாம்?

இப்போது வீடுகளைப் பிரிப்பது யுத்தமில்லை. காசு, வெளிநாடு, பங்குப் பிரிவினை, புது வீட்டு ஆசை. அதில் பிழை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்கிறவரைப் பார்த்து, “பாரம்பரியம், வைச்சிருங்கோ” என்று சொல்வது சுலபம்.

அதோடு, நாற்சார் வீட்டை ‘எங்கட பாரம்பரியம்’ என்று பொதுவாகச் சொல்வதற்கு முன்னமும் யோசிக்கவேணும். அந்த ‘எங்கட’வுக்குள் எல்லாரும் இருக்கவில்லை. கல் உடைத்தவர்களும் சூளை எரித்தவர்களும் பலர் மற்றவர் காணியில் குடிசை போட்டு இருந்தவர்கள். சொந்தக் காணி இல்லாதவருக்குக் கல்வீடு ஏது? சாதி யாரை விறாந்தையில் ஏற்றியது, யாரை முற்றத்தில் நிறுத்தியது என்பதும் அந்த வீட்டின் வரைபடத்திலேயே இருக்கிறது. வீட்டைப் பதிவுசெய்யும்போது அதையும் சேர்த்துத்தான் பதிவுசெய்யவேணும்.

சட்டமும் அவ்வளவாக உதவாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ‘புராதனச் சின்னம்’ என்பதற்கு வைத்திருக்கிற கோடு 1815 மார்ச் 2. கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. மலாயாக் காசில் எழுந்த நாற்சார் வீடுகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இங்காலே நிற்பவை. அவை தாமாகப் பாதுகாப்புக்குள் வரமாட்டாது. யாழ்ப்பாணம் ஆங்கிலேயரிடம் போனது அதற்கு 20 வருசம் முந்தி. நாட்டின் ‘பழமை’யை அளக்கிற கோடுகூட எங்கட வரலாற்றை வைத்துக் கீறப்பட்டதில்லை.

ஆகவே எங்களால் ஏலக்கூடியது சின்ன விசயம்தான். உங்கட ஊரில் ஒரு பழைய வீடு பிரிபடப்போகிறதென்று கேள்விப்பட்டால், கூரை இறங்கமுதல் ஒரு பின்னேரம் போங்கள். அறைகளை அடியால் அளந்து ஒரு படம் கீறுங்கள். ஓட்டின் பின்பக்கத்தையும் கதவுநிலையின் செதுக்கலையும் ஃபோனில் படமெடுங்கள். யார் கட்டியது, எந்தக் காசில், மேசன் யார், கல் எங்கேயிருந்து வந்தது, யார் வீட்டுக்குள் வரலாம், யார் வரக்கூடாது என்று அங்குள்ள வயசானவர்களிடம் கேளுங்கள். முக்கியமாக, சாமான்கள் யாரிடம் போகின்றன என்று எழுதிவையுங்கள். கல்லுக்கு வாய் இல்லை. அது எங்கேயிருந்து, யாருடைய சம்மதத்தோடு வந்தது என்பதை ஆட்கள்தான் எழுதவேணும். நல்லூர்க் கோயிலின் ஒவ்வொரு கல்லும் எங்கே போனது என்று 1621இல் ஒருவர் எழுதி வைத்திருந்தால், இன்று நாங்கள் கதை என்று சொல்வதை ஆதாரம் என்று சொல்லியிருப்போம்.

நாங்கள் அன்றைக்குப் பிந்திப்போய்விட்டோம். எங்கட ஒப்படையில் அந்த வீட்டின் வரைபடம் சுவர்களின் அடியை வைத்துக் கீறியது. கூரை எப்படி இருந்தது என்பது மேசன் ஐயா கையால் காட்டிய அளவு. வெளிக்கிடும்போது அவர் ஒரு உடைந்த ஓட்டை எங்களிடம் தந்தார். பின்பக்க எழுத்தில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி உள்ள ஓடுகள் பக்கத்து ஊரில் ஒரு குசினிக்கு மேலே இருக்கின்றன. யாருடைய குசினி என்று எழுதி வைத்திருக்கிறோம்.